விரல் துண்டானால் விபத்து... மரத்துப்போனால்? அசெம்பிளி லைன் கைகளுக்குக் கணக்கு எங்கே?

இந்தச் செய்தியை நீங்கள் மொபைலில்தான் படித்துக்கொண்டிருப்பீர்கள், கட்டை விரலால் திரையை மேலே தள்ளிக்கொண்டே. அந்த மொபைல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தயாரானதாகக்கூட இருக்கலாம். எல்லாம் ரோபோ பூட்டியது என்று நினைத்தால் பாதிதான் சரி. கடுகு சைஸ் ஸ்க்ரூ, நாடா மாதிரி வளையும் கேபிள், அழுத்திப் பொருத்த வேண்டிய கனெக்டர், உரித்து ஒட்ட வேண்டிய ஸ்டிக்கர்... இதில் கணிசமான வேலையை இன்னமும் மனித விரல்கள்தான் செய்கின்றன. அதிலும் பெரும்பாலும் 20 வயதை ஒட்டிய பெண்களின் விரல்கள்.

இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் ஏறக்குறைய 10-ல் 4 பேர் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கணக்கு இது. பெருமைப்பட வேண்டியதும்தான். ஆனால் அந்தக் கைகள் அஞ்சு வருஷம் கழித்து எப்படி இருக்கின்றன என்று கேட்டால், அதைக் குறித்துவைக்க நம்மிடம் ஒரு நோட்டுகூட இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போகிறோம்.

மாட வீதியில் இருந்து ஆரம்பிப்போம்

மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் சாயங்காலம் ஒரு பத்து நிமிஷம் நின்று பாருங்கள். பூ கட்டும் அம்மாக்களின் விரல்கள் கண்ணுக்கே பிடிபடாத வேகத்தில் போகும். ரெண்டு பூ இந்தப் பக்கம், ரெண்டு பூ அந்தப் பக்கம், நாரில் ஒரு சுற்று, ஒரு இழு. திரும்பத் திரும்ப இதேதான். அப்போ அவர்களுக்குக் கை வலிக்காதா?

வலிக்கும். கேட்டால் சொல்வார்கள். ஆனால் கொஞ்சம் கவனித்தால் ஒரு வித்தியாசம் தெரியும். ஆள் வந்தால் கட்டுவதை நிறுத்துவார். முழம் போடுவார், நாரை அறுப்பார், பூவுக்குத் தண்ணீர் தெளிப்பார், சில்லறை தேடுவார், டீ வந்தால் குடிப்பார். ஒரே தசைக்கு ஒரே வேலை ஓயாமல் விழுவதில்லை. வேகம் அவர் கையில் இருக்கிறது.

அசெம்பிளி லைனில் வேகம் பெல்ட்டின் கையில் இருக்கிறது. முன்னால் இருப்பவர் முடித்ததும் பொருள் உங்களிடம் வந்துவிடும். நீங்கள் முடிக்கவில்லை என்றால் பின்னால் தேங்கும். தேங்கினால் லைன் லீடர் வந்து நிற்பார். கை வலியைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் எவ்வளவு கனம் தூக்குகிறார்கள் என்றுதான் கேட்கிறார்கள். வேகத்தை யார் முடிவு செய்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். இது எந்தக் குறிப்பிட்ட கம்பெனியின் கணக்கும் கிடையாது, புரிவதற்காக மட்டும். 8 மணி நேர ஷிஃப்ட். சாப்பாட்டுக்கு அரை மணி, டீக்கு 10 நிமிஷம் ரெண்டு தடவை. மிச்சம் 430 நிமிஷம், அதாவது 25,800 விநாடி. ஒரு பீஸுக்கு 20 விநாடி என்றால் ஒரு நாளில் 1,290 பீஸ். பீஸுக்கு 4 ஸ்க்ரூ வைத்தால் 5,160 ஸ்க்ரூ. வாரத்துக்கு 6 நாள் என்றால் சுமார் 31,000 தடவை அதே விரல் அதே ட்ரிக்கரை அழுத்துகிறது. ஓவர்டைம் தனி.

இத்தனை தடவை அழுத்தினாலும் ஒவ்வொரு அழுத்தமும் லேசானதுதான். அதனால்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. 50 கிலோ மூட்டை தூக்குபவரைப் பார்த்தால் "ஐயோ பாவம்" என்போம். ஏசி ஹாலில், வெள்ளை கோட்டு போட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து ஸ்க்ரூ போடும் பெண்ணைப் பார்த்தால், "உட்கார்ந்த இடத்துல வேலை, நல்ல வேலைதானே" என்போம்.

மணிக்கட்டுக்குள்ளே என்ன நடக்கிறது?

உள்ளங்கையை மேலே வைத்து மணிக்கட்டைப் பாருங்கள். அந்த இடத்தில் எலும்பாலும் ஒரு கெட்டியான பட்டையாலும் ஆன குறுகலான சந்து ஒன்று இருக்கிறது. அதற்குள் விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் ஒரு முக்கிய நரம்பும் சேர்ந்து போகின்றன. பீக் ஹவரில் ரங்கநாதன் தெரு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தசைநாண்கள் ஓயாமல் முன்னும் பின்னும் உரசினால் உறை வீங்கும். மணிக்கட்டை வளைத்து வைத்தே வேலை செய்தால் சந்துக்குள் அழுத்தம் இன்னும் ஏறும். அடி வாங்குவது அந்த நரம்புதான்.

அறிகுறி ரொம்ப அமைதியாக ஆரம்பிக்கும். ராத்திரி தூக்கத்தில் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மரத்துப்போகும். எழுந்து கையை உதறினால் சரியாகிவிடும். அப்புறம் காலையில் டிபன் பாக்ஸ் மூடி திறக்க வராது. அப்புறம் சட்டைப் பட்டன். முத்திவிட்டால் கட்டை விரலின் அடியில் இருக்கும் சதை வற்றிப்போகும். போன சதை லேசில் திரும்பி வராது. இதைத்தான் டாக்டர்கள் கார்பல் டனல் சிண்ட்ரோம் என்கிறார்கள். இதுபோக கட்டை விரலைத் தூக்கும் நாண் வீங்குவது, விரல் மடங்கி மாட்டிக்கொண்டு 'டக்'கென்று விடுபடுவது, முழங்கையின் வெளிப்பக்கம் வலிப்பது என்று இன்னும் சில உண்டு.

கிள்ளிப் பிடிப்பது இதில் தனிக் கொடுமை. ஒரு பொருளை முழுக் கையால் இறுக்கிப் பிடிக்கும்போது இருக்கும் பலத்தில் ஏறக்குறைய கால்வாசிதான் விரல் நுனியால் கிள்ளிப் பிடிக்கும்போது கிடைக்கும். எலக்ட்ரானிக்ஸ் வேலையில் பாதி கிள்ளல்தான். பார்க்க லேசான வேலை, நாணுக்குக் கனமான வேலை.

இதெல்லாம் வயசாவதால் வருவது, வேலைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று யாராவது சொன்னால் ஒரு பழைய ஆய்வைக் காட்டலாம். அமெரிக்காவில் 1987-ல் சில்வர்ஸ்டைன், ஃபைன், ஆம்ஸ்ட்ராங் என்ற மூன்று ஆய்வாளர்கள் 7 ஆலைகளில் 39 வகை வேலைகளைச் செய்யும் 652 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். பலமும் குறைவு, திரும்பச் செய்வதும் குறைவு என்ற வேலைகளில் இந்த நோய் 0.6 சதவீதம் பேரிடம் இருந்தது. ரெண்டுமே அதிகமான வேலைகளில் 5.6 சதவீதம். மற்ற காரணங்களைக் கழித்துப் பார்த்தபோது ஆபத்து 15 மடங்குக்கும் மேல். ஒரு சுற்று 30 விநாடிக்குள் முடியும் வேலையை 'அதிகம் திரும்பச் செய்யும் வேலை' என்று அவர்கள் வகைப்படுத்தினார்கள். நம் உதாரணத்தில் சுற்று 20 விநாடி.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். சர்க்கரை, தைராய்டு, கர்ப்பம் இவற்றாலும் இந்த நோய் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வரும். வீட்டில் துணி பிழிவதும் மாவு பிசைவதும் அதே மணிக்கட்டால்தான். கம்பெனி தரப்புக்கு இது வசதியான பதில்: "வேலையால்தான் வந்தது என்று எப்படிச் சொல்றீங்க?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பு யார் தலையில் விழுகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

சட்டம் எங்கே நழுவுகிறது?

1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தில் மூன்றாவது அட்டவணை என்று ஒன்று உண்டு. வேலையால் வரும் நோய்கள், வந்தால் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவை. மொத்தம் 29. ஈய நச்சு, சிலிக்கோசிஸ், இரைச்சலால் காது கேளாமை எல்லாம் இருக்கும். மணிக்கட்டு நரம்பு அமுக்கம் இல்லை. தசைநாண் வீக்கம் இல்லை. 2025 நவம்பர் 21-ல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்து பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்தன. புதிய தொகுப்பிலும் பட்டியல் 29-தான். இத்தனைக்கும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010-ல் திருத்திய தொழில்சார் நோய்ப் பட்டியலில் கார்பல் டனலும் மணிக்கட்டு நாண் வீக்கமும் பெயர் சொல்லியே இடம்பெற்றுவிட்டன.

பட்டியலில் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று தோன்றலாம். இஎஸ்ஐ கார்டு வைத்திருப்பவர்களுக்கு அது நேரடியாகப் பணக் கணக்கு. வேலையில் ஏற்பட்ட காயம் அல்லது நோய் என்று ஒப்புக்கொள்ளப்பட்டால், வேலைக்கு வர முடியாத காலம் முழுக்கச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். முதல் நாளில் இருந்தே தகுதி உண்டு. சாதாரண நோய் என்றால் 70 சதவீதம்தான், அதுவும் வருஷத்துக்கு 91 நாள் வரை. அதற்கும் முன்னால் குறைந்தது 78 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். நிரந்தரமாகக் கை பலம் குறைந்துபோனால் வேலைக் காயத்துக்கு மாதாமாதம் தொகை உண்டு, சாதாரண நோய்க்குக் கிடையாது.

இஎஸ்ஐ சட்டத்தில் இதற்கென்றே ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் உள்ள நோய் என்றால், அந்த வேலையில் இருந்தாலே 'வேலையால் வந்தது' என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். பட்டியலுக்கு வெளியே இருந்தால், ஒரு குறிப்பிட்ட விபத்தில் பட்ட காயத்தால் நேரடியாக வந்தது என்று தொழிலாளிதான் காட்ட வேண்டும். 31,000 தடவை ட்ரிக்கர் அழுத்தியதில் எந்தத் தடவை விபத்து? காட்டவே முடியாது.

பிரஸ் மெஷினில் விரல் போனால் எஃப்ஐஆர், இன்ஸ்பெக்டர், இழப்பீடு என்று ஒரு வழி இருக்கிறது. அந்த வழியும் லேசானதல்ல என்பது வேறு கதை. காயத்தால் 48 மணி நேரம் வேலைக்கு வர முடியாவிட்டால் ஆலை அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று பழைய சட்டமே சொன்னது. மரத்துப்போன விரலுக்கு இதில் எதுவும் பொருந்தாது. அந்தப் பெண் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலை பார்ப்பார். முடியாதபோது ஊருக்குப் போய்விடுவார். ஆலையின் பதிவேட்டில் 'சொந்தக் காரணத்தால் விலகல்' என்று இருக்கும்.

புதிய தொகுப்பில் ஆண்டுக்கு ஒருமுறை இலவச உடல் பரிசோதனை உண்டு. நல்ல விஷயம். ஆனால் அது 40 வயதைத் தாண்டியவர்களுக்கு. அசெம்பிளி லைனில் ஸ்க்ரூ போடும் பெண்ணுக்கு வயசு 21.

சாம்சங் போராட்டத்தில் காதில் விழாமல் போன வரி

2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்தது நினைவிருக்கும். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றார்கள். தொலைக்காட்சி விவாதங்கள் எல்லாம் சங்க அங்கீகாரம், சம்பளம், முதலீடு போய்விடுமா என்ற மூன்றையே சுற்றிவந்தன. ஆனால் சிஐடியு தரப்பு இன்னொன்றும் சொன்னது: ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி போன்றவற்றில் தங்கள் வேலையை 10 முதல் 15 விநாடிக்குள் முடிக்க நெருக்குகிறார்கள், 4-5 மணி நேரம் இடைவிடாமல் வேலை வாங்குகிறார்கள் என்று. சட்ட விதிகளின்படியே எல்லாம் நடக்கிறது என்பது நிறுவனத்தின் பதில். சங்கம் 2025 ஜனவரியில் பதிவானது. விநாடிக் கணக்கு அதோடு மறந்துபோனது.

யார் சொல்வது சரி என்று தீர்ப்பு சொல்ல இங்கே இடமில்லை. கவனிக்க வேண்டியது, 'ஒரு பீஸுக்கு எத்தனை விநாடி' என்பதற்கு இந்தியச் சட்டத்தில் வரம்பே கிடையாது. ஒரு நாளில் எத்தனை மணி நேரம் என்பதற்கு உண்டு. அதை 12 மணி நேரமாக்க வழி செய்யும் மசோதா 2023 ஏப்ரல் 21-ல் நம் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பியதும் மூன்றே நாளில் நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று வாபஸ் ஆனது. மணி நேரத்துக்காகச் சண்டை போட நமக்குத் தெரிகிறது. விநாடிக்காக எப்படிச் சண்டை போடுவது என்று இன்னும் பழகவில்லை.

சாம்சங்கும் ஹூண்டாயும் பிறந்த தென்கொரியாவில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 2003 முதல் அங்கே 'தசை, எலும்புக்குச் சுமை தரும் வேலைகள்' என்று 11 வகைகளை அரசு பட்டியலிட்டிருக்கிறது. ஒரு நாளில் மொத்தம் 2 மணி நேரத்துக்கு மேல் கழுத்து, தோள், முழங்கை, மணிக்கட்டு அல்லது கையால் ஒரே அசைவைத் திரும்பச் செய்தால் அந்த வேலை பட்டியலில் வந்துவிடும். 1 கிலோ அல்லது அதற்கு மேல் எடையுள்ள பொருளை ஒரு கை விரல்களால் கிள்ளித் தூக்குவதும் 2 மணி நேரத்தைத் தாண்டினால் அப்படித்தான். இந்த வகை வேலை இருக்கும் ஆலை 3 வருஷத்துக்கு ஒருமுறை ஆபத்தை ஆராய்ந்து திருத்த வேண்டும். மனிதக் கை சியோலிலும் சுங்குவார்சத்திரத்திலும் ஒன்றுதான்.

எல்லா நாடும் இப்படி முன்னேறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கா 2000 நவம்பரில் இதே போல ஒரு விதி கொண்டுவந்தது. முதலாளிகள் அமைப்புகள் செலவு தாங்காது என்று எதிர்த்தன. 2001 மார்ச்சில் நாடாளுமன்றமே அதை ரத்து செய்தது.

உட்காரவே 2021 வரை காத்திருந்தோம்

தி.நகர் ஜவுளிக்கடைப் பெண்களை நினைத்துப் பாருங்கள். நாள் முழுக்க நின்றே வேலை. 2010-ல் வந்த 'அங்காடித் தெரு' படம் அந்த வாழ்க்கையைக் காட்டியபோது எல்லோரும் கண் கலங்கினோம். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டத்திருத்தம் வந்தது 2021 செப்டம்பரில். கேரளா 2018-லேயே செய்துவிட்டது. தொழிற்சாலைகளுக்கோ, நின்று வேலை செய்பவர்கள் இடையில் உட்கார வசதி வேண்டும் என்று 1948 சட்டத்தின் 44-வது பிரிவிலேயே இருந்தது.

இந்தத் திருத்தம் சாத்தியமானதற்கு ஒரு காரணம், நிற்பது கண்ணுக்குத் தெரியும். கடைக்குப் போகும் நாம் எல்லோருமே பார்த்தோம். மணிக்கட்டுக்குள் நடப்பதை யாரும் பார்ப்பதில்லை. அசெம்பிளி ஹாலுக்குள் வெளி ஆட்கள் போவதும் இல்லை.

செலவு பெருசா?

பல மாற்றங்களுக்குப் பெரிய செலவே கிடையாது. மேஜையில் படுத்திருக்கும் பலகையில் மேலிருந்து ஸ்க்ரூ போட நேராக இருக்கும் டிரைவர் வேண்டும். எதிரே நிற்கும் பக்கத்தில் போட துப்பாக்கிப் பிடி டிரைவர் வேண்டும். மாற்றிக் கொடுத்தால் மணிக்கட்டு வளைந்தே இருக்கும். டிரைவரை ஸ்பிரிங்கில் தொங்கவிட்டால் எடை கையில் விழாது. ஸ்க்ரூ இறுகும் நொடியில் வரும் உதறலை ஒரு தாங்கு கம்பி வாங்கிக்கொள்ளும். ஸ்டூலும் மேஜையும் ஏற்றி இறக்கும்படி இருந்தால், 4 அடி 11 அங்குலப் பெண் தோளைத் தூக்கிக்கொண்டு வேலை செய்ய வேண்டியதில்லை. கிளவுஸ் சரியான சைஸில் இருக்க வேண்டும். பெரிய கிளவுஸ் போட்டால் பிடிக்க இன்னும் இறுக்க வேண்டிவரும்.

'ஜாப் ரொட்டேஷன் பண்றோம்' என்று பல இடங்களில் சொல்வார்கள். மூணாவது டேபிளில் ஸ்க்ரூ போட்டவரை ஏழாவது டேபிளில் ஸ்க்ரூ போட வைத்தால் ஆளுக்குத்தான் ரொட்டேஷன், மணிக்கட்டுக்கு இல்லை. ஸ்க்ரூவில் இருந்து பரிசோதனைக்கு, அங்கிருந்து பேக்கிங்குக்கு என்று வேறு தசைக்கு மாற்ற வேண்டும்.

எனக்கு இதில் உறுத்துவது வேறொன்று. சென்னை ஆலைகளுக்கு அளக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தரத்துக்கான டெமிங் பரிசை இந்தியாவிலேயே முதலில் வாங்கியது நம் ஊர் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவுதான், 1998-ல். இன்றைய எலக்ட்ரிக் ஸ்க்ரூ டிரைவர்களில் ஒவ்வொரு ஸ்க்ரூவும் எவ்வளவு இறுகியது என்பதைக் கணினியில் பதியும் வகைகள் இருக்கின்றன. எந்த பீஸில், எத்தனாவது ஸ்க்ரூ, எத்தனை நியூட்டன் மீட்டர் என்று எல்லாம் இருக்கும். அந்த ட்ரிக்கரை அழுத்திய விரல் இன்று எத்தனை தடவை அழுத்தியது என்பதும் அதே கணினியில்தான் கிடக்கிறது. எடுத்துப் பார்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

கேட்க ஆட்கள் இல்லாமல் இல்லை. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் கிண்டியில் இருக்கிறது. மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் அடையாறை ஒட்டிய தரமணியில், சர்தார் படேல் சாலையில் இருக்கிறது. ஆலைகளின் பாதுகாப்பு அதிகாரிகள் பயிற்சிக்கு வரும் இடம் அது. 29 நோய்ப் பட்டியலில் ஒன்றைச் சேர்க்கப் புது மசோதாகூட வேண்டாம், மத்திய அரசு அரசிதழில் ஒரு அறிவிக்கை போட்டால் போதும் என்றுதான் பழைய சட்டத்தில் இருந்தது.

இப்போதைக்கு நீங்கள் என்ன செய்யலாம்?

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ லைன் வேலைக்குப் போகும் ஒருவர் இருந்தால் இதை அனுப்புங்கள். ராத்திரியில் விரல் மரத்து முழிப்பு வருகிறது, கையை உதறினால் சரியாகிறது என்றால் அது வெறும் அசதி என்று விட வேண்டாம். ஆரம்பத்திலேயே போனால், மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையை ராத்திரி போட்டுக்கொண்டு, வேலை முறையை மாற்றினாலே பலருக்குக் குறைந்துவிடும். சர்க்கரையும் தைராய்டும் பார்த்துக்கொள்வது நல்லது.

இஎஸ்ஐ மருந்தகத்துக்குப் போனால் "கை வலி டாக்டர்" என்று மட்டும் சொல்லாதீர்கள். என்ன வேலை, எந்த டூல், ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பீஸ், எத்தனை மாசமாக என்று சொல்லி, அதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். டாக்டர் அவசரத்தில் இருப்பார், பின்னால் வரிசை நிற்கும். இருந்தாலும் கேட்டு எழுதி வாங்குங்கள். அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வேலையை விட்டு வந்த பிறகு, என்ன வேலை செய்தீர்கள் என்று காட்ட உங்களிடம் இருக்கப்போவது அது ஒன்றுதான்.